நான் போடாத பேப்பர்

பேப்பர் போடுவது என்றால் எங்கள் ஆபீஸில் ராஜினாமா செய்வது என்று அர்த்தம். காகிதமே இல்லாத ஆபீஸில் இந்தச் சொல் எப்படி வந்ததோ தெரியவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் "சொந்தக் காரணங்கள்" என்று தட்டி, ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது. ஆனாலும் "அவன் பேப்பர் போட்டுட்டானாம்" என்று கேன்டீனில் யாராவது சொன்னால் அத்தனை பேரும் தலையைத் திருப்பிப் பார்ப்போம். கொஞ்சம் பொறாமை, நிறைய பயம்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இந்தச் சொல் செல்லுபடியாகவில்லை. "அம்மா, நான் பேப்பர் போடலாம்னு இருக்கேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"ஏண்டி, பேப்பர் போடறதுக்கா உன்னை பி.ஈ. படிக்க வெச்சோம்? முப்பத்தெட்டு வயசுல விடியக்கார்த்தால சைக்கிளை மிதிச்சுண்டு ஆத்துக்கு ஆத்து விட்டெறியப் போறியா? தெருவுல பார்க்கறவா என்ன நினைச்சுப்பா?"

சிரித்து அடங்கவே எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. வேலையை விடப்போகிறேன், அதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். விட்டுவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டாள். மிக்ஸி ரிப்பேர் கடை வைக்கப் போகிறேன் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்கு பேப்பரே தேவலை" என்று சொல்லிக் கீரையோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சாயந்திரம் நான் வேலையிலிருந்து வந்தபோது எங்கள் பழைய கார் ஷெட் காலியாக, கழுவி விடப்பட்டு இருந்தது. அப்பா போனபின் காரை விற்றுவிட்டோம். ஷெட்டில் உடைந்த நாற்காலிகள்தான் குடியிருந்தன. "அந்த எண்ணெய்க் கறையெல்லாம் ஆத்துக்குள்ள கொண்டுவரப்படாது, ஷெட்டோட வெச்சுக்கோ" என்றாள் அம்மா. அதுதான் அவள் சம்மதம். இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. பின்னால் நான் பழியை எல்லாம் கொண்டுபோய் இந்த அம்மாவின் தலையில்தான் போட்டேன்.

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. பதினான்கு வருஷம் அதைச் செய்தேன். நன்றாகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. தப்புக் கண்டுபிடிப்பது என் பிறவிக் குணம், எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்தத் தப்பை யாரோ எங்கோ சரி செய்தார்கள். சரியான பிறகு அது எப்படி ஓடுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. அந்தக் குறை என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் டீமில் ஒருவன் இருந்தான், என்னைவிட எட்டு வயது சின்னவன். சிந்தாதிரிப்பேட்டை. அவன் அப்பா அங்கே மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு போன முதல் ஆள் அவன்தான். ஒருநாள் ஒழுகிக்கொண்டிருந்த வீட்டு மிக்ஸி ஜாரை ஒரு பையில் போட்டு ஆபீஸுக்குக் கொண்டுவந்திருந்தேன், போகிற வழியில் கப்ளர் வாங்கி மாட்டலாம் என்று. ஜாரின் அடியில் சுற்றுகிற அந்தச் சின்ன சக்கரம்தான் கப்ளர். அவன் ஜாரைக் கையில் வாங்கி, பிளேடை விரலால் ஒரு சுண்டு சுண்டினான்.

"கப்ளர் நல்லா கீதுக்கா. உள்ள பிளேடு சுத்தற புஷ்ஷு தேஞ்சி போச்சு. இன்னா வாங்கனாலும் திரும்ப லீக் ஆவும்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"பொறந்ததுலருந்து இந்த சவுண்டதான் கேட்டுகினு கீறேன். ஆனா நைனா தொட உடமாட்டாரு. தொட்டா முட்டில அடி. நீ படிடா, இது உனக்கு வாணாம்பாரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடையாறில் என் சிநேகிதி இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், சனிக்கிழமைகளில் ஒரு மேஜையைப் போட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். மிக்ஸிகளைத் தூக்கிக்கொண்டு மாமிகளும் மாமாக்களும் வரிசையில் நின்றார்கள். அவன் ஒரே ஒரு விநாடி ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டு, "கார்பன் போச்சு" என்பான். திறந்தால் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற அந்தச் சின்னக் கரித்துண்டு தேய்ந்து போயிருக்கும். மாற்றிப் போட்டு ஓடவிடுவது என் வேலை. ஓடியது. என் கண் முன்னால் ஓடியது. பதினான்கு வருஷத்தில் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்தக் கார் நிறுத்துமிடத்தில் பெட்ரோல் வாசனைக்கு நடுவில் கிடைத்தது.

கடை வைக்கலாம் என்றது நான்தான். அவன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"இன்னாக்கா நீ. என்ன இதுலருந்து வெளிய தள்ளணும்னு நைனா எவ்ளோ பாடு பட்டாரு. நீ புட்சி திரும்ப உள்ள இழுக்கற."

இன்னொரு காரணமும் இருந்தது. அவனுக்கு அசோக் நகரில் பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் புடவை வைத்துக் கொடுத்து, தலையில் பூ வைத்து, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று நாலு பேர் முன்னால் சொல்வதுதான் பூ வைப்பது. அதற்குப் பிறகு பின்வாங்குவது இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு. அந்தப் பெண் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவளோடு பேசுவதற்காகவே அவன் மாடிப்படிக்குப் போவான். திரும்பி வரும்போது முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

"கம்பெனி மாப்ளன்னுதான்க்கா குடுக்கறாங்க. கடைன்னா ஒத்துப்பாங்களா?"

நான்கு மாதம் அவனை நச்சரித்தேன். கடைசியில் அவனை மடக்கியது என் வாக்குறுதிதான். "நானும் உன்கூட ஒரே நாள்ல பேப்பர் போடறேன். அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நானே வந்து பேசறேன். பதினாலு வருஷம் ஐடியில இருந்தவளே விட்டுட்டு வரான்னா அவங்க யோசிப்பாங்கடா. மாப்பிள்ளை தனியா இல்லைன்னு தெரியும்."

அவன் அந்தப் பெண்ணிடம் அப்படியே சொன்னான். அவளும் தன் அப்பாவிடம் சொன்னாள். அக்கா ஒருத்தர் வருகிறார், அவரும் வேலையை விடுகிறார், வந்து பேசுவார் என்று. அந்தக் கல்யாணம் முழுக்க என் ஒரு பட்டனில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை நாலு மணி என்று பேசி வைத்தோம். மூன்று மணிக்கு மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த திட்டத்துக்கு நான்தான் தலைமை என்றார். "கிளையன்ட்டே உங்க பேரைச் சொல்லிக் கேட்டாங்க" என்றார்.

சம்பளம் ஏறும் என்றும் சொன்னார். அது என் காதில் சரியாக விழக்கூட இல்லை. கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பெருமையில் காது சூடானது. வீட்டுக் கஷ்டம், அம்மாவின் உடம்பு என்று ஏதாவது இருந்திருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள உதவியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. வெறும் தலைக்கனம்.

நாலு மணிக்கு அவன் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் உட்கார்ந்து, கண்ணை மூடி, "முருகா" என்று சொல்லி அமுக்கினான். நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். என் திரையிலும் அதே பக்கம் திறந்திருந்தது. "சொந்தக் காரணங்கள்" என்று தட்டி வைத்திருந்தேன். அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்திலேயே சேமித்து வைக்கும் பட்டன் ஒன்று இருந்தது. அதை அமுக்கினேன்.

அவன் எழுந்து என் இடத்துக்கு வந்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "போட்டியாக்கா?" என்றான்.

"போட்டுட்டேன்" என்றேன். வாய் கூசவில்லை. திங்கட்கிழமை போடத்தானே போகிறேன், மூன்று நாள் முன்னால் சொன்னால் என்ன என்று அதற்குள் ஒரு சமாதானத்தைத் தயார் செய்துவிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தான். அதே கேள்வி. "அக்கா, போட்டுட்ட இல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்கிறவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது உண்மையான கோபத்தைவிடப் பெரியது. "எத்தனை தடவைடா கேப்ப? போட்டாச்சுன்னா போட்டாச்சு. பயமா இருந்தா உன் பயத்தை என்கிட்ட கொண்டுவராத" என்று கத்தினேன். "சரிக்கா, சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை நான் போடவில்லை. செவ்வாய்க்கிழமை என் பதவி உயர்வைச் சொல்லி எல்லோருக்கும் மெயில் வந்தது. அவன் என் இடத்துக்கு வந்து "வாழ்த்துக்கள்க்கா" என்றான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அம்மா ஒத்துக்கலடா. ரெண்டு நாளா சாப்பிடலை. அதான் வாபஸ் வாங்கிட்டேன்" என்றேன். ஷெட்டைக் கழுவி விட்டு, மின்சார இணைப்புக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்த அம்மா.

"பரவால்லக்கா. அம்மாவ பாத்துக்க" என்றான்.

நீயும் வாபஸ் வாங்கிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் இடத்துக்குத் திங்கட்கிழமையே வேறு ஆளை ஒதுக்கிவிட்டார்கள், இனி முடியாது என்றான். பிறகு இரண்டு மாத நோட்டீஸ் காலம். ஒரே அறையில், எதிரெதிரே உட்கார்ந்து அந்த இரண்டு மாதத்தையும் ஓட்டினோம். அசோக் நகருக்கு எப்போது வருகிறாய் என்று இரண்டு தடவை கேட்டான். ஒரு தடவை கிளையன்ட் கால் என்றேன். இன்னொரு தடவை காய்ச்சல் என்றேன். மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவனே போனான்.

என்ன ஆயிற்று என்று லிஃப்ட் வாசலில் நின்று சொன்னான். அந்தப் பெண்ணின் அப்பா, "கூட ஒரு மேடம் வேலைய உட்டுட்டு வராங்கன்னு சொன்னியேப்பா, அவங்க எங்க?" என்று கேட்டாராம். அவங்க வரல என்று இவன் சொன்னானாம். அதற்கு அவர், "அவங்களே வேணான்னு முடிவு பண்ண விஷயத்துக்கு நான் எப்டிப்பா பொண்ண அனுப்பறது?" என்றாராம். மறுவாரம், பூ வைத்தபோது கொடுத்த புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் மேல் எனக்கு வருத்தமே வரவில்லை. என் பெண்ணாக இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அவனுடைய கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். டீம் தலைவி என்பதால் வழியனுப்பிப் பேச வேண்டியவள் நான். பேசினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டையில் "புதிய பாதைக்கு வாழ்த்துகள்" என்று எழுதினேன். எப்படி எழுதினேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இருபது மாதம் கழித்து எங்கள் பிரிவையே மூடினார்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்ட கிளையன்ட் வேறு ஊருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். எச்.ஆரிலிருந்து ஒரு சின்னப் பெண் என்னை உட்காரவைத்து, "நீங்களே பேப்பர் போட்டுடுங்க மேடம், ரெகார்டுல நல்லா இருக்கும்" என்றாள். நாங்களாகவே விலகியதுபோல் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்புவது அங்கே பழக்கம். பக்கத்தைத் திறந்தால் நான் அன்றைக்குச் சேமித்து வைத்தது அப்படியே இருந்தது. ஒரு எழுத்துகூட மாற்றத் தேவைப்படவில்லை. பக்கத்தில் அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அமுக்கினேன்.

அடுத்த மாதம் கார் ஷெட்டில் கடையைத் திறந்தேன். அவனைக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? காயில் கருகிய மோட்டார் வந்தால்கூட சிந்தாதிரிப்பேட்டைக்கு அனுப்பாமல் வேறு எங்கெங்கோ கொடுத்து வாங்கினேன். கடை பிழைத்துக்கொண்டது. ஐடி வேலையை உதறிவிட்டு மிக்ஸி ரிப்பேர் செய்யும் பெண் என்று மயிலாப்பூரில் பேச்சு பரவியது. உதறவில்லை, உதறப்பட்டேன் என்று ஒருத்தரிடமும் நான் திருத்தவில்லை. அடுத்தவர் தப்பை எல்லாம் எடுத்துக் காட்டியவள் இந்த ஒரு தப்பை மட்டும் பார்த்தும் பாராமல் விட்டேன்.

அப்புறம் தி.நகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, வேலையை மாற்றியதில் கற்ற பாடங்கள். பிடித்ததைத் தேடுங்கள், விடுமுறை நாளில் சின்னதாகச் செய்து பாருங்கள், தனியாக இறங்காதீர்கள் என்று நன்றாகத்தான் பேசினேன். முடிவில் ஒரு மாணவி எழுந்து, "உங்களுக்கு பயமா இல்லையா மேம்? எப்படி பேப்பர் போட்டீங்க?" என்று கேட்டாள்.

முந்நூறு முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "வெள்ளிக்கிழமை நாலு மணி" என்று ஆரம்பித்தேன். "கை நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். முருகா என்று சொல்லி அமுக்கினேன்" என்றேன். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. அதை ஒரு மாணவி போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். எங்கள் தெரு மாமி வந்து காட்டினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நீ எப்போ முருகாங்க ஆரம்பிச்சே? உனக்கு வாயைத் திறந்தா பிள்ளையாரப்பான்னா வரும்" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனும் பார்த்திருப்பான்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். அவனிடமிருந்து போன் வரவில்லை. பதினோராவது நாள் காலை கடையைப் பூட்டிவிட்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன்.

அவன் அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "வாம்மா" என்று ஸ்டூலை நகர்த்தினார். அவன் உள்ளே காயில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்று எண்ணும்போது பேசக்கூடாது, எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடாகிவிடும். அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் கறுத்து, தோள் அகன்றிருந்தான். அதற்குப் பிறகு அவன் வேறு பெண் பார்க்க விடவில்லை என்று அவன் அப்பா தணிந்த குரலில் என்னிடம் சொன்னார்.

சுற்றி முடித்து, நூலால் கட்டி வைத்துவிட்டு வந்தான். "சொல்லுக்கா."

"அன்னிக்கு நான் போடவே இல்லைடா. அம்மாவும் தடுக்கலை. எல்லாம் பொய்."

"தெரியும்க்கா."

"செவ்வாய்க்கிழமை மெயில் வந்தப்ப தெரிஞ்சுதா?"

"சனிக்கெழமயே. மேனேஜர் போன் பண்ணாரு. அவங்கள லீடா போட்டுகீறோம், நீயும் யோசி, திங்கக்கெழம காலைல வரைக்கும் டைம்னாரு."

"தெரிஞ்சுமாடா ஞாயித்துக்கிழமை போன் பண்ணிக் கேட்ட?"

"நீ இல்லடான்னு சொல்லுவன்னுதான் கேட்டேன். சொல்லியிருந்தா அன்னிக்கே நானும் வாபஸ் வாங்கிகினு இருப்பேன். நீ போட்டாச்சுன்னு கத்தன. சரி, இன்னும் போடல, ஆனா நாளைக்கு போட்டுருவா, அதான் இவ்ளோ தெகிரியமா சொல்றான்னு நெனச்சிகினேன்."

வெள்ளிக்கிழமைப் பொய்தான் அவனைக் கெடுத்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தப் பொய்யிலிருந்து அவன் தப்பிக்க வழி இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். நான் அழ ஆரம்பித்தேன். நம்ம கடைக்கு வந்துவிடு, உன் கடைதான் அது என்றேன். அந்தப் பெண் வீட்டில் இப்போதாவது போய்ப் பேசுகிறேன் என்று உளறினேன்.

"அதுக்கு கல்யாணமாயி கொழந்த கீதுக்கா" என்றான். "எனக்கும் இங்க வேல கீது."

தேநீர் வந்தது. குடித்து முடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் பேசினான், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. அந்த வீடியோல கண்ண மூடிகினு முருகான்னு அமுக்கனேன்னு சொன்ன இல்ல. நைனா அத்த பாத்துட்டு, அந்தம்மாவும் உன்ன மாரியே பண்ணிகீது பாருடான்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. டிவிஷன மூடி உன்ன போட வெச்சாங்கக்கா. போட்டது நான். மத்ததெல்லாம் போயிடுச்சு. அதயாவது எனக்கு உட்டுடு."

சரிடா என்றேன். அதைத் தவிர அவனுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.